பாசியும் மணியும்

எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்துதவுமாறு எம்மைப் பணித்தனர். தமிழாசிரியரிடம் இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ, குளத்திலும் கிணற்றுத் தொட்டியிலும் படரும் பாசி. இதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், வகுப்பறையில் மாணவன் ஒருவனுக்கு யாம் பிழையான விடையொன்று கூறினோம். அவன் இன்று இச்சங்கத்துப் பழைய மாணவருள் ஒருவன். அவ்விடையைத் திருத்துவதற்கு இம்மலரினும் தக்க இடம் வேறில்லை.

மாணவன் வினா

அன்று யாம் நடத்திய பாடம் பலபொருள் ஒருசொல். பாசி என்னுஞ் சொல்லை எடுத்துக்கொண்டு, அது நீரிற் படரும் பசிய உயிரையும் குறிக்கும், கோத்து அணியும் சிறுமணியையும் குறிக்கும் என்று விளக்கினோம். பாசிமணி என்னும் வழக்கையும் காட்டினோம். விடுமுறை கழிந்து வந்த அம்மாணவன், யாழ்ப்பாணத்திலே தன் பாட்டனார் வீட்டுக் கிணற்றுத் தொட்டியிலிருந்து ஒரு போத்தலிற் பச்சை நீர் கொணர்ந்தான். "ஐயா, பாசி என்றால் மணி என்றும் பொருள் உண்டென்றீர்கள். இந்தப் பாசிக்குள்ளும் மணி இருக்குமோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. யாமும் சிரித்தோம். "தம்பி, சொல் ஒன்றே; பொருள் வேறு. பாசிக்குள் மணி இராது. அதைக் கொண்டுபோய் ஊற்றிவிடு" என்றோம். அவன் ஊற்றிவிட்டான்.

பின்னொரு நாள், எமது கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் ஆராய்ச்சிச் செய்தியொன்றை எமக்கு வாசித்துக் காட்டினார். நன்னீரில் வாழும் நுண்பாசி ஒன்றின் உடலுக்குள்ளே சுண்ணாம்பு மணிகள் கண்டுபிடிக்கப்பட்டன என்பது அச்செய்தி. கண்டோர் அம்மணிகளுக்கு இட்ட பெயர் நுண்முத்து. யாம் ஒருகணம் வாளாவிருந்தோம். அன்று போத்தலில் வந்த நீரில் அவ்வுயிர் இருந்ததென்று யாம் சொல்ல வரவில்லை. இருந்ததோ இல்லையோ என்று பாராமலே "இராது" என்றோமே, அதுவே எமது பிழை.

சுண்ணாம்பும் பாசியும்

இச்செய்தியை விளங்கிக்கொள்ளுதற்கு, நீரிலே சுண்ணாம்பு எவ்வாறு உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் யாழ்ப்பாணத்தவர்க்கு இது புதிதன்று. ஊரிலே தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தடித்துக் கிடக்கும். கொழும்புக் கேத்தலில் அத்துணைப் படிவு இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென் அமிலமாகிச் சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கிணற்றிற் சேர்க்கின்றது. களனி கங்கையிலிருந்தும், இலபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் கொழும்புக்கு வரும் நீரோ வேறு வகைப் பாறை நிலத்தில் ஓடி வருவது. ஆதலின் அது மென்னீர்.

பாசி பச்சை நிறமுடையது. ஞாயிற்றொளியைக் கொண்டு ஒளித்தொகுப்புச் செய்வது. அதற்கு வேண்டிய காபனீரொட்சைட்டை நீரிலிருந்து அது ஈர்க்கும்பொழுது, வன்னீரிற் கரைந்திருந்த சுண்ணாம்பு கரைநிலை நீங்கிக் கல்சியம் காபனேற்றாகப் படிகின்றது. கேத்தலில் நெருப்புச் செய்யும் தொழிலைக் குளத்திலே பாசி செய்கின்றது எனலாம்.

இவ்வாறு சுண்ணாம்போடு உறவுடைய நன்னீர்ப் பாசிகளை மூவகையாகப் பகுத்து நோக்கலாம். முதலாவது, உடலின் புறத்தே சுண்ணாம்பு படியப்பெறுவது. காரா என்னும் பெரும்பாசி இதற்கு எடுத்துக்காட்டு. அதனைத் தொட்டால் சொரசொரப்பாயிருக்கும். இரண்டாவது, தனக்கென ஓர் ஓட்டைச் சுண்ணாம்பினால் அமைத்துக்கொள்வது. பாக்கோற்றஸ் லென்ரிகுலாரிஸ் என்னும் ஒருகல நுண்பாசி இத்தகையது. இரு சிப்பியோடுகளை ஒன்றாகக் கவிழ்த்தாற்போன்ற கூட்டினுள் அது வாழ்கின்றது. மூன்றாவது, உடலின் உள்ளேயே சுண்ணாம்பு மணிகளை ஆக்கிக்கொள்வது. இம்மூன்றாம் வகையே மிக அண்மையில் அறியப்பட்டது. மாணவன் கேட்டதும் இதனையே.

ஜெனீவா ஏரியின் நுண்முத்து

சுவிற்சர்லாந்து நாட்டிலுள்ள ஜெனீவா ஏரியின் நீரை வடிகட்டி, வடியிற் படிந்த நுண்பொருள்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழகத்து அறிஞர் அகாத்து மார்த்தினியே என்பாரும் அவர் குழுவினரும், உருண்டை வடிவான மணிகளைக் கண்டனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு அளவினது. மணியினுள்ளே வெங்காயத்தின் தோல்போல வளையத்துள் வளையமாக அடுக்குகள் இருந்தன. முத்துச் சிப்பியின் முத்தும் அடுக்கடுக்காக வளர்வதே. ஆதலின் நுண்முத்து என்னும் பெயர் பொருத்தமாயிற்று. 2017ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சி வெளிவந்தது.

இம்மணிகளை ஆக்கும் உயிர்களுள் ஒன்று ரெற்றாசெல்மிஸ் கோடிபோர்மிஸ் என்னும் பச்சை நுண்பாசி என்று அவர்கள் துணிந்தனர். ஏரியிற் கண்டதனோடு அமையாது, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட அவ்வினத்தையும் சோதித்து, அதனுள்ளும் மணிகள் உண்டென உறுதிசெய்தனர். இப்பாசி ஒரே கலத்தாலாயது. அதன் நீளம் மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு அல்லது அதனினும் சற்றுக் கூடியது. நான்கு சவுக்குமுளைகளால் நீந்திச் செல்வது.

அம்மணியிலே கல்சியத்தோடு ஸ்ரோன்சியம் என்னும் மூலகமும் கலந்துள்ளது. 2018ஆம் ஆண்டில் அக்குழுவினர் இச்சாதியைச் சேர்ந்த 12 இனங்களைச் சோதித்தபொழுது, 10 இனங்களில் மணிகள் காணப்பட்டன. கடல்நீர், உவர்நீர், நன்னீர் ஆகிய மூவிடத்தும் இவை வாழ்கின்றன. கல்சியத்துக்கு ஸ்ரோன்சியம் எவ்வளவு என்னும் விகிதம், சூழ்ந்துள்ள நீரிலிருப்பதைக் காட்டிலும் மணியினுள்ளே 200 மடங்குக்கு மேற்பட்டிருந்தது. இதன் பயன் சிறிதன்று. அணுப்பிளவில் விளையும் ஸ்ரோன்சியம் 90 என்பது கதிர்வீசும் நச்சுப்பொருள். கல்சியத்தை ஒத்திருத்தலின் எலும்பிற் சேர்ந்துவிடும். பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 29 ஆண்டுகள் செல்லும். மாசுற்ற நீரிலிருந்து அதனைப் பிரித்தெடுக்க இப்பாசி துணைசெய்தல் கூடுமென அறிஞர் கருதுகின்றனர். இது இன்னும் எண்ண அளவிலேயே உள்ளது.

கண்டும் காணாமை

இனி வியப்புக்குரிய செய்திக்கு வருவோம். இப்பாசி புதிய இனமன்று. இதற்கு முதற்பெயரிட்டவர் ஹென்றி ஜோன் கார்ட்டர் என்னும் ஆங்கிலேய வைத்தியர். அவர் 1862ஆம் ஆண்டுவரை பம்பாயிலே பணிபுரிந்தவர். அங்குள்ள குளங்களின் நன்னீர்ப் பஞ்சுயிரிகளை ஆராய்ந்தவர். 1858ஆம் ஆண்டில் அவர் இப்பாசியைக் கிரிப்ரோகிளீனா என்னும் சாதியில் வைத்து எழுதினார். 1878ஆம் ஆண்டில் பிராகு நகரத்து அறிஞர் ஸ்ரைன் அதனை ரெற்றாசெல்மிஸ் என்னும் சாதிக்கு மாற்றினார். இச்சாதியின் இனங்கள் சில சிப்பிக்குஞ்சுக்கும் இறாற்குஞ்சுக்கும் உணவாகப் பல நாடுகளில் வளர்க்கப்படுகின்றன. ஆயிரமாயிரம் பேர் கையாண்ட உயிர் இது. எனினும், கார்ட்டர் எழுதிய காலந்தொட்டு 159 ஆண்டுகள் அதனுள்ளிருந்த மணியை மணியென எவரும் அறிந்திலர்.

காரணம் யாது? ஒன்று, சாதாரண நுணுக்குக்காட்டியில் அம்மணிகள் ஒளிரும் சிறுதுகள்களாகவே தோன்றும். கலத்தினுள் அத்தகைய துகள்கள் பலவுண்டு. மற்றொன்று, நீர்மாதிரியைப் பழுதுபடாமற் காப்பதற்குச் சேர்க்கும் மருந்துகள் பல அமிலத்தன்மை உடையன. அமிலம் பட்டாற் சுண்ணாம்பு கரையும். இம்மணியோ பளிங்குரு அடையாத சுண்ணாம்பாதலின் எளிதிற் கரைந்துவிடும். காக்க இட்ட மருந்தே காணவேண்டிய பொருளை அழித்தது. அறிஞர் பார்த்தார்கள், பார்த்த முறையில் அது மறைந்தது. யாமோ பார்க்கவுமில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மாணவர் உணர்தல் வேண்டும்.

புதிய இனத்தை விவரிக்கும் முறை

புதியதோர் உயிரைக் கண்டோம் என்று ஒருவர் வாயாற் சொல்லிவிட்டால் அஃது இனமாகிவிடாது. அதற்கென வகுத்த முறையுண்டு. முதலில் நீரை எடுத்த இடம், நாள், நீரின் வெப்பம், தன்மை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பின்னர் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயினால் ஒரேயொரு கலத்தைப் பிரித்தெடுத்து வளர்த்தல் வேண்டும். அவ்வொரு கலத்தின் வழித்தோன்றல்களையே ஆராய்ந்தால்தான் பிற உயிர்களோடு மயங்காது. அதன்பின் வடிவம், அளவு, சவுக்குமுளை, பச்சையவுருமணி, பெருகும் முறை ஆகியவற்றை நுணுக்குக்காட்டியால் அளந்து வரைதல் வேண்டும். இன்று மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.யையும் வாசித்து, அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிடுவர்.

சுண்ணாம்பு ஆக்கும் பாசியாயின் மேலுமொரு கடமையுண்டு. காணும் வெண்பொருள் சுண்ணாம்புதான் என்று நிறுவுதல் வேண்டும். மென் அமிலம் ஒரு துளி விட்டால் நுரைத்தெழுதல் ஓர் அடையாளம். முனைவாக்கிய ஒளியிற் பளிங்குரு உடையது ஒளிரும், அஃதில்லாதது ஒளிராது என்பது இன்னோர் அடையாளம். இலத்திரன் கற்றையைச் செலுத்தி, அங்கிருந்து எழும் எக்ஸ் கதிரைக் கொண்டு கல்சியம், ஸ்ரோன்சியம் முதலிய மூலகங்களைத் தெளிதல் மூன்றாவது. ஜெனீவா அறிஞர் கொண்டது இம்மூன்றாம் வழியே.

இவ்வளவும் முடிந்தபின், மாதிரியொன்றை அழியாவண்ணம் நிறுவனமொன்றிற் சேமித்து வைத்து, பிற இனங்களினின்றும் இது வேறுபடுமாற்றைச் சுருங்க எழுதிப் பெயரோடு வெளியிடல் வேண்டும். பாசிகளைப் பொறுத்தவரை, 1958ஆம் ஆண்டு முதல் அக்குறிப்பு இலத்தீன் மொழியில் இருத்தல் கட்டாயமாயிருந்தது. 2012ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று விதி தளர்ந்தது.

பெயரின் இலக்கணம்

தமிழாசிரியர்க்கு உரிமையான பகுதி இது. சாதிப்பெயர் முன்னும் இனப்பெயர் பின்னுமாக இரு சொல்லாற் பெயரிடும் வழக்கைத் தாவரங்களுக்கு 1753ஆம் ஆண்டில் நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு இலின்னேயசு. எமக்கு இது புதிதன்று. சாரைப்பாம்பு என்னும் இருபெயரொட்டிலே சாரை சிறப்புப்பெயர், பாம்பு பொதுப்பெயர். தமிழிற் சிறப்பு முன்னிற்கும், இலத்தீனிற் பொது முன்னிற்கும், வேற்றுமை இவ்வளவே. ரெற்றா என்பது கிரேக்க மொழியில் நான்கு; நான்கு சவுக்குமுளை உண்மையாற் சாதிக்கு அப்பெயர் ஏற்றதாயிற்று. கோடிபோர்மிஸ் என்பது இலத்தீனில் இதய வடிவினது. ஆகவே இவை காரணப்பெயர்கள். மாணவர் அஞ்சுதற்கு இதில் ஒன்றுமில்லை.

இனி, இச்சாதியிலேயே தமிழகத்து அறிஞர் ஒருவர் பெயர் நிலைபெற்றுள்ளமை எம்மனோர் அறியவேண்டுவது. 1996ஆம் ஆண்டில் மாரின், ஹோப் எம்டன், மெல்கோனியன் என்னும் அறிஞர் மூவர் இச்சாதியிற் புதிய இனமொன்றை விவரித்து, ரெற்றாசெல்மிஸ் தேசிகாச்சாரியி என்று பெயரிட்டனர். ஈற்றில் நிற்கும் இகரம் இலத்தீனில் ஆறாம் வேற்றுமை உருபு. தேசிகாச்சாரியினுடைய என்பது பொருள். அவரே சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரி. வி. தேசிகாச்சாரி. நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பெருநூல் உலகெங்கும் பாசியியலார் கையில் உள்ளது. அவருடைய ஆசிரியர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். ஐயங்கார் 1932ஆம் ஆண்டில் புதிய பாசிச் சாதியொன்றை விவரித்து, இலண்டன் அறிஞர் பிரிற்ச் என்பாரின் பெயரால் அதற்குப் பிரிற்சியெல்லா என்று பெயரிட்டார்.

அந்தப் பிரிற்ச் யார்? இலங்கையின் நன்னீர்ப் பாசிகளையும் தரைப்பாசிகளையும் ஆராய்ந்து 1907ஆம் ஆண்டில் விரிவான கட்டுரை வெளியிட்டவர். அவர்க்கு முன்னர், 1902ஆம் ஆண்டில், உவெஸ்ற் என்னும் தந்தையும் மகனும் இந்நாட்டு நன்னீர்ப் பாசிகளைப் பட்டியலிட்டு எழுதினர். ஆகவே எமது குளங்களும் வாய்க்கால்களும் இவ்வறிவு வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல. இந்நாட்டு நீரை ஆராய்ந்த ஒருவர் பெயரைச் சென்னையார் ஒருவர் பாசிக்கு இட்டார். அச்சென்னையாரின் மாணாக்கர் பெயரை வேறு நாட்டவர் இன்னொரு பாசிக்கு இட்டனர். ஆசிரியர் மாணாக்கர் மரபு நூலில் மாத்திரமன்று, பாசியிலும் எழுதப்பட்டுள்ளது.

மாணவர் செய்யத்தக்கது

இதனை வாசிக்கும் மாணவர், "இவையெல்லாம் பெரிய ஆய்வுகூடங்களின் வேலை; எமக்கென்ன?" என்று எண்ணுதல் கூடாது. நுண்முத்தை உறுதிசெய்ய இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும் என்பது உண்மை. ஆயின் நீரை எடுப்பதற்கும், பார்ப்பதற்கும், வரைவதற்கும், குறிப்பெழுதுவதற்கும் பாடசாலையிலுள்ள நுணுக்குக்காட்டி போதும். ஊருக்குச் செல்லும்போது கிணற்றுத் தொட்டி நீரிற் சிறிது கொணர்க. பேரை வாவியின் பச்சை நீரையும் வெள்ளவத்தை வாய்க்கால் நீரையும் ஆசிரியர் துணையோடு எடுத்து அதனோடு ஒப்பிடுக. அந்நீர் தூயதன்று, கையுறை அணிதலும் பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும் வேண்டும். எடுத்த அன்றே, மருந்தொன்றும் சேராமல், உயிரோடு பார்க்க. வன்னீரில் எவை வாழ்கின்றன, மென்னீரில் எவை வாழ்கின்றன என்று நாட்குறிப்பில் எழுதுக. காராப் பாசி அகப்படின், அதன்மீது வினாகிரி ஒரு துளி விட்டு நுரைத்தெழுகின்றதோ என்று நோக்குக. பெயர் தெரியாவிடின் தெரியாதென்றே எழுதுக. படத்தைச் செவ்வையாக வரைந்தால், பெயரைப் பின்னர் அறிந்தவர் சொல்வர்.

பழைய மாணவருள்ளும் பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானம் கற்பிப்போர் உளர். அவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் எமது ஆய்வுகூடத்துக்கு வந்து, மாணவர் எடுத்த நீரை மாணவரோடு இருந்து பார்ப்பராயின் அது இவ்விழாவுக்குத் தக்க காணிக்கையாகும். குளங்கள் தூர்கின்றன, கிணறுகள் மூடப்படுகின்றன. நீர்நிலை போனால் அதில் வாழ்ந்த உயிரும் பெயர்பெறாமலே போகும்.

முடிவுரை

போத்தலில் நீர் கொணர்ந்த அம்மாணவனுக்கு யாம் இப்பொழுது கூறும் விடை இது. தம்பி, உன் வினா நல்ல வினா. பாசிக்குள் மணி உண்டு. எல்லாப் பாசியிலும் இல்லை, சிலவற்றில் உண்டு. உன் போத்தலில் இருந்ததோ என்பதை அறியும் வாய்ப்பை யாமே கெடுத்தோம். சொல்லொப்புமை கொண்டு பொருளொப்புமை சாதித்தல் ஆகாது என்று அன்று யாம் கூறிய இலக்கணம் இன்றும் சரியே. பாசி என்னும் சொல்லுக்கு இரு பொருள் அமைந்தமை நுண்முத்தை அறிந்தன்று. ஆயினும் சொல் எழுப்பிய ஐயத்தைக் கண்ணாற் பார்த்துத் தீர்த்தல் வேண்டும் என்பதை நீ அறிந்திருந்தாய், யாம் அறிந்திலேம்.

இப்பொழுது எமது வகுப்பு மேசையில் ஒரு வெறும் போத்தல் இருக்கின்றது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவன் எவனாயினும் அதனை எடுத்துச் செல்லலாம். கொணரும் நீரை ஊற்றிவிடு என்று இனி யாம் சொல்லோம். எமது கல்லூரி நீடு வாழ்க. அதன் மாணவர் வினாக்கள் பெருகுக.